சாத்தையாவின் இருபத்தைந்து மூட்டை

கோணலேந்தல் ஊரில் மழை குறைவு. யோசனைக்குக் குறைவில்லை.

அந்த ஊர்ச் சாத்தையாவுக்கு அந்த வருஷம் இருபத்தைந்து மூட்டை மிளகாய் விளைந்தது. அவனுக்கு வள்ளிமயில் என்ற பெண்ணைப் பேசி வைத்திருந்தார்கள். பெண்ணின் அப்பா பூமிநாதன் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். "கூரை வீட்டுக்கு எம்புள்ளைய அனுப்ப மாட்டேன். தை பிறக்கிறதுக்குள்ள ஓடு போடுங்க. வந்து பாத்துட்டுச் சம்மதம் சொல்றேன்."

ஓடு, மூங்கில், கூலி எல்லாம் சேர்த்து இருபத்திரண்டு மூட்டை மிளகாய் ஆகும் என்று ஓட்டுக்காரர் சொல்லிவிட்டார். போக மூன்று மூட்டை மிஞ்சும். சாத்தையா சந்தோஷமாக இருந்தான்.

அந்தச் சமயம் பார்த்து அரண்மனையிலிருந்து வரி வசூலிக்கும் தண்டல்காரர் வந்தார்.

"ராசா புதுசா வரி போட்டிருக்காரு. அவனவன் வெள்ளாமையில முதல் பத்து மூட்டைக்கு வரி கிடையாது. அடுத்த பத்துக்கு, பத்துல ஒண்ணு. அதுக்கும் மேல வெளைஞ்சா, பத்துல ரெண்டு. வெள்ளிக்கிழமை வருவேன். உத்தேசமா எவ்வளவு வரும்னு பாத்து வைங்க" என்று சொல்லிவிட்டுக் குதிரையைத் தட்டினார்.

சாத்தையா கலங்கிப்போய்த் தன் கூட்டாளிகள் மூவரையும் கூப்பிட்டான். கூரிச்சான், நாகமுத்து, ஒச்சப்பன். ஊரில் யாருக்கு என்ன சிக்கல் வந்தாலும் இவர்களைத்தான் கூப்பிடுவார்கள். சிக்கல் பெரிதான பிறகும் இவர்களையே கூப்பிடுவார்கள்.

கூரிச்சான் மூட்டைகளைச் சுற்றி வந்து தலையை ஆட்டினான். "மாப்ள, நீ இருபதத் தாண்டிட்ட. பத்துல ரெண்டு உனக்கு. அஞ்சு மூட்டை போச்சு."

"முதல் பத்துக்கு வரி இல்லன்னாரே?"

"இல்லதான். ஆனா இருபத்தொண்ணாவது மூட்டை வந்து பக்கத்துல உக்காந்துருச்சுல்ல? ஒரு சொத்த மிளகா மூட்டையவே கெடுக்குறதில்லையா? அந்த மாதிரி எல்லாம் கெட்டுப்போச்சு."

இருபத்தைந்தில் ஐந்து போனால் இருபது. ஓட்டுக்கு இரண்டு மூட்டை குறைகிறது. சாத்தையா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

"இதுக்கு ஏன்டா அழுகுற?" என்றான் ஒச்சப்பன். "பதினஞ்சு மூட்டையக் கண்மாயில கொட்டிரு. மிச்சம் பத்து. சல்லி வரி கிடையாது."

"பத்த வச்சுக்கிட்டு ஓடு எப்படிடா போடுறது?"

"ஒரு நேரத்துல ஒரு கவலையப் படு. இப்ப வரி."

சாத்தையா இரண்டு மூட்டையைக் கண்மாய் வரை தூக்கியும் போய்விட்டான். நாகமுத்துதான் ஓடிப்போய்த் தடுத்தான்.

"கொட்டாத! ராசா மூட்டையத்தான எண்ணச் சொன்னாரு? மொத்தத்தையும் பத்தே மூட்டையாக் கட்டிட்டா?"

மற்ற மூவரும் அவனைப் பார்த்தார்கள். இப்படி ஒருவன் கூட இருப்பது ஊருக்கே பெருமை என்று கூரிச்சான் சொன்னான்.

பனி படக் கூடாது என்று எல்லா மூட்டைகளையும் வீட்டுக்குள் கொண்டுபோய், கதவைச் சாத்திக்கொண்டு வேலையில் இறங்கினார்கள். சாக்கோடு சாக்கு வைத்துத் தைத்தார்கள். மிளகாயைக் கொட்டி மிதித்து அமுக்கினார்கள். நால்வரும் தும்மிய தும்மலில் பக்கத்துத் தெருக் கோழியெல்லாம் ஊரை விட்டுப் போனது. கண் எரிய, மூக்கு ஒழுக, ஒருவழியாகப் பத்து மூட்டை தயாரானது. ஒவ்வொன்றும் சினை மாடு அளவுக்கு இருந்தது.

வெள்ளிக்கிழமை தண்டல்காரர் தராசோடு வந்தார். "வெளிய கொண்டாங்க."

மூட்டை வாசற்படியில் சிக்கிக்கொண்டது. தள்ளினார்கள், நகரவில்லை. திருப்பினார்கள், இன்னும் இறுகியது.

"பிரிச்சுக் கொண்டாங்கய்யா" என்றார் தண்டல்காரர்.

நாகமுத்து சாத்தையாவின் காதில் சொன்னான். "ஏமாந்துராத! பிரிச்சா மறுபடியும் இருபத்தஞ்சு ஆயிரும்."

ஆகவே சுவரை இடித்தார்கள். மண் சுவர். முன்சுவர் போனதும் மற்ற மூன்றும் தனியாக நிற்க விருப்பமில்லாமல் உட்கார்ந்துவிட்டன. பழைய கூரையும் அவற்றோடு வந்துவிட்டது. பத்து மூட்டையும் வெளிச்சத்தில் கம்பீரமாக நின்றன.

தண்டல்காரர் ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்தார். "மூட்டைன்னா சந்தை மூட்டை. இது இருபத்தஞ்சு. முதல் பத்துக்கு ஒண்ணுமில்ல. அடுத்த பத்துக்கு ஒரு மூட்டை. மிச்சம் அஞ்சுக்கு ஒரு மூட்டை. ஆகமொத்தம் ரெண்டு."

"அஞ்சு இல்லையா?" என்றான் கூரிச்சான். "முதல் பத்து கெட்டுப்போகலையா?"

"அது ஏன்யா கெடுது? அந்தந்தப் பத்துக்கு அந்தந்த வரி. இருபதத் தாண்டுனது அஞ்சுதான? பத்துல ரெண்டு அந்த அஞ்சுக்கு மட்டும்." இரண்டு மூட்டையை அளந்து கட்டிக்கொண்டு, இடிந்த வீட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

நால்வரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். ஐந்து போகும் என்று உத்தேசித்தார்கள், இரண்டுதான் போனது. மூன்று மூட்டை லாபம்! கையில் இருபத்து மூன்று.

மறுநாளே ஓட்டுக்காரர் வந்தார். "ஓட்டை எதுமேல போட?"

"அவரு ஓடுதான கேட்டாரு? சுவரக் கேக்கலையே" என்றான் ஒச்சப்பன். "நீங்க கூரையப் போடுங்க."

பேசிய கூலிக்கு ஓட்டுக்காரர் தரையிலேயே மூங்கில் சட்டம் கட்டி, அதன்மேல் ஓடு அடுக்கிக் கொடுத்துவிட்டுப் போனார். சிறிய கூரைதான். ஆனாலும் பார்க்க லட்சணமாக இருந்தது.

பூமிநாதன் வருகிறார் என்று சேதி வந்ததும் மூலைக்கு ஒருவராகக் கூரையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள். நான்காவது மூலையில் மாப்பிள்ளையே நின்றான்.

பூமிநாதன் வந்தார். கீழே நின்று அண்ணாந்து ஓட்டைப் பார்த்தார். ஒன்றில்கூட விரிசல் இல்லை. நான்கு பக்கமும் காற்று வருவதைக் கவனித்துத் தலையை ஆட்டினார்.

"வீடு நல்ல காத்தோட்டம். ஆமா, ஏன் நாலு பேரும் கையத் தூக்கிக்கிட்டு நிக்கிறீங்க?"

"புது வீடு பாருங்க மாமா," என்றான் சாத்தையா, மூலையை இன்னும் இறுக்கிப் பிடித்தபடி, "விட மனசு வரல."

அதில் பூமிநாதனுக்கு நிறைவு. வீட்டின் மேல் இவ்வளவு பிரியம் வைப்பவன் பெண்ணையும் நன்றாக வைத்துக்கொள்வான். வெளியே வந்து திரும்பி நின்றார்.

"எனக்குச் சம்மதம். அடுத்த முகூர்த்தத்துலயே வச்சுக்குவோம்" என்று கைகூப்பினார்.

கோணலேந்தல்காரர்கள் மரியாதை தெரிந்தவர்கள். நால்வரும் ஒரே சமயத்தில், இரண்டு கையையும் சேர்த்து, பதிலுக்குக் கும்பிட்டார்கள்.