அழவைத்தால் அறக்கொடை

முன்னொரு காலத்தில், மழைகூடத் தன்னிடம் கேட்டுவிட்டுத்தான் பெய்ய வேண்டும் என்று நினைத்த ஓர் அரசர் சந்தனபுரியை ஆண்டுவந்தார். பெயர் கனகசேனர். பதினோரு வயதில் பட்டத்துக்கு வந்தவர்; இப்போதுதான் மீசை ஒழுங்காக வளர்ந்திருந்தது.

திக்கற்ற இளைஞர்களுக்கு அறக்கொடை வழங்குவதில் அவருக்கு அலாதிப் பிரியம். வழங்கும் முறைதான் விசித்திரம். உதவி கேட்டு வருகிறவர்கள் சபையில் நின்று கதை சொல்ல வேண்டும். அரசருக்குக் கண்ணீர் வந்தால் கொடை உண்டு. வராவிட்டால் வந்த வழியே போகலாம். இதைச் சரிபார்க்கவே அகோரநாதர் என்று ஓர் அதிகாரி, அரசரின் கன்னத்துக்குக் கீழே வெள்ளிக் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு நிற்பார்.

சென்ற ஆண்டு கொடை வாங்கியது அகோரநாதரின் மைத்துனர் மகன். மடியில் வெங்காயம் வைத்துக்கொண்டு தூணில் முட்டி முட்டி அழுதான். கிடைத்த கொடையில் குதிரை வாங்கி, அதில் ஏறி வந்தே நன்றியும் சொன்னான்.

இந்த ஆண்டு செம்பாயி வந்தாள். வெள்ளத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகளைப் பழைய யானைக் கொட்டாரத்தில் சேர்த்து வைத்து, தச்சு வேலை பழக்குகிறவள். மரமும் உளியும் வாங்க வழியில்லை. கொடை கிடைக்காவிட்டால் கொட்டாரத்தையும் காலி செய்ய வேண்டும் என்று உத்தரவு. அங்கே தன் மயில்களை வளர்க்க அகோரநாதர் ஏற்கெனவே தீர்மானித்திருந்தார்.

பிள்ளைகள் குளித்து, தலைக்கு எண்ணெய் வைத்து, வரிசையாக நின்றார்கள். அரசருக்குச் சேவகன் வெற்றிலை மடித்து வாயில் ஊட்டியதைப் பார்த்து அவர்களில் ஒரு பெண் களுக்கென்று சிரித்துவிட்டாள்.

"பார்த்தீர்களா மன்னா? சிரிப்பு! தலையில் எண்ணெய் வேறு!" என்றார் அகோரநாதர். "ஏழை என்றால் ஏழை மாதிரி இருக்க வேண்டாமா?"

"குளித்தது எங்கள் தப்புதான் ஐயா" என்றாள் செம்பாயி. "அடுத்த தடவை சேற்றில் புரட்டிக் கூட்டி வருகிறேன்."

அரசர் கொட்டாவி விட்டார். "கதையைச் சொல், அம்மா. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை."

செம்பாயி ஒரு கணம் யோசித்தாள்.

"இவர்களை விடுங்கள், மன்னா. இவர்களுக்காவது கைத்தொழில் பாதி தெரியும். இவர்களைவிடப் பாவம் ஒரு பையன் இருக்கிறான். சின்ன வயதிலேயே அப்பா அம்மா போய்விட்டார்கள். தோளில் கை போட ஒரு சிநேகிதன் கிடையாது. யாரும் அவனிடம் உண்மை பேச மாட்டார்கள்."

"ஐயோ" என்றார் அரசர்.

"ஒரு வேலையும் தெரியாது. ஒரு நாள்கூடத் தானாகச் சம்பாதித்ததில்லை. ஊரார் கொடுப்பதில்தான் சாப்பாடு. அவர்கள் நிறுத்திவிட்டால் அடுத்த வேளைக்கு என்ன செய்வான் என்றே தெரியவில்லை."

அரசரின் உதடு துடித்தது. கிண்ணத்தில் பொட்டென்று ஒரு சொட்டு விழுந்தது. மயில்களுக்கென்று நினைத்திருந்த கொட்டாரம் அகோரநாதரின் கையை விட்டு நழுவிக்கொண்டிருந்தது.

"மன்னா, ஏமாறாதீர்கள்!" என்று கத்தினார். "இப்படி ஒரு தண்டச்சோற்றுத் தடியனுக்கா கொடை? நாலு உதை கொடுத்து வயலுக்கு அனுப்ப வேண்டும்!"

"வேட்டிகூட அடுத்தவர்தான் கட்டிவிட வேண்டும், ஐயா."

"தூ! வெட்கங்கெட்ட ஜன்மம்!"

"சும்மா இரும்!" என்று அரசர் தேம்பினார். கிண்ணம் பாதி நிறைந்துவிட்டது. "கொடை தந்தேன், அம்மா! அந்தப் பிள்ளையை உன் கொட்டாரத்தில் சேர்த்துக்கொள். யார் அவன்? எங்கே இருக்கிறான்?"

செம்பாயி கைகூப்பினாள். "சிம்மாசனத்தில், மன்னா."

விசிறி வீசிய சேவகனின் கை அப்படியே நின்றது.

"ராஜநிந்தை!" என்றார் அகோரநாதர்.

"சொன்னதில் எது பொய் என்று சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்" என்றாள் செம்பாயி.

அரசர் தன் இடுப்புக் கச்சையை அவிழ்த்துக் கட்டிப் பார்த்தார். அவிழ்ந்தது. கட்ட வரவில்லை. இரண்டு முறை முயன்றார். பிறகு, கச்சையைக் கையில் பிடித்துக்கொண்டே விழுந்து விழுந்து சிரித்தார்.

"அகோரநாதரே, தண்டச்சோறு என்றது யாரை?"

"அது... பொதுவாகச் சொன்னது, மன்னா."

"உதை?"

"அதுவும் பொதுவாகத்தான்."

கொட்டாரம் பிள்ளைகளுக்கே எழுதித் தரப்பட்டது. மரமும் உளியும் வண்டியில் வந்தன. இனிக் கொடை கேட்டு வருகிறவர்கள் யாரும் அழ வேண்டாம், என்ன செய்யப் போகிறீர்கள் என்று சொன்னால் போதும் என்று அரசர் அறிவித்தார்.

வாக்குக் கொடுத்தபடி அவரும் கொட்டாரத்தில் போய்ச் சேர்ந்தார். சபையில் சிரித்த பெண்தான் அவருக்குப் பலகையைச் சீவ இழைப்புளி பிடிக்கக் கற்றுக்கொடுத்தாள். "அழுத்துங்க ராஜா, பலகைக்கு வலிக்காது!"

அரசர் தம் கையால் செய்த முதல் முக்காலியை அகோரநாதருக்கே பரிசளித்தார். அதில் ஒரு கால் குட்டை. மன்னர் கொடுத்ததில் உட்காராமல் இருக்க முடியுமா? அன்று முதல் சபை கூடும்போதெல்லாம் அகோரநாதர் இடப்பக்கம் சாய்ந்தபடியே "ஆகட்டும் மன்னா" சொல்லிக்கொண்டிருந்தார்.