கடலில் ஆமை, கரையில் கண்

“தொடாமல் வைத்தியமா, டீச்சரம்மா?” என்று கேட்டார் மருத்துவர் அம்பலவாணர்.

டீச்சரம்மா என்பது கேலி. செண்பகவல்லி ஒரு காலத்தில் அவரிடமே கண் அறுவைச் சிகிச்சை பயின்றவர். இப்போது, தொலைவிலிருந்து இயக்கும் ரோபோவை அவருக்குக் கற்பிக்கும் ஆசிரியர். அவர் அறைக்குள் வரும்போது அம்பலவாணர் எழுந்திருப்பதில்லை.

கை நடுக்கம் கண்டதால் கத்தியைக் கீழே வைத்தவர் அம்பலவாணர். அந்த நடுக்கத்தை இவ்வெந்திரம் வடிகட்டிவிடும் என்று அறிந்த அன்று கண் கலங்கினார். ஆயினும், தாம் சென்னையில் அமர்ந்துகொண்டு, நாகப்பட்டினம் மருத்துவமனையில் படுத்திருக்கும் நோயாளி மாரிக்கண்ணுவின் விழித்திரைமேல் படர்ந்த சவ்வை உரிக்க வேண்டும் என்றதும் மனம் பின்வாங்கியது. மாரிக்கண்ணுவுக்கு ஒரு கண் ஏற்கெனவே போய்விட்டது. எஞ்சியது இது ஒன்றுதான்.

“என் விரல் நோயாளியின் நெற்றியில் இருக்க வேண்டும். அவர் அஞ்சினால் எனக்கு அங்கேதான் தெரியும். இங்கே விரலுக்குக் கீழே ஒன்றுமே இல்லையே?”

கோழி எவ்வாறு குஞ்சு பொரிக்கும் என்று கேட்டார் செண்பகவல்லி. தொட்டு, என்றார் அவர். மீன்? பார்த்து. இதெல்லாம் மடத்துப் பள்ளியில் படித்த பாடம் என்று சிரித்தார்.

“ஆமை?”

“முட்டையைக் கரையில் புதைத்துவிட்டு, கடலுக்குள் இருந்து நினைத்துக்கொண்டே இருக்குமாம்; அந்த நினைப்பிலேயே குஞ்சு பொரியுமாம். கட்டுக்கதை.”

“கட்டுக்கதைதான், ஐயா,” என்று சொல்லிவிட்டு, செண்பகவல்லி எந்திரத்தைத் துடைக்கலானார்.

அறுவை நாள் வந்தது.

அம்பலவாணர் எந்திரத்தின் பிடிகளில் விரல்களை வைத்தார். விரல்கள் நடுங்கின. திரையில் அந்த ஒற்றைக் கண் முழுநிலவாய் விரிந்திருந்தது. அவரோ தம் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.



ஒலிபெருக்கியில் மாரிக்கண்ணுவின் குரல் கேட்டது. டாக்டர் எங்கே என்று செவிலியை விசாரித்தார். சென்னையில் இருக்கிறார் என்றார் செவிலி.

“அம்மாந்தூரத்துலயா? பெத்த புள்ளயே மறந்துபுடுது. அவரு அங்க குந்திக்கிட்டு என் ஒத்தக் கண்ண நெனச்சிக்கிட்டு இருக்காரே. நல்லா இருக்கட்டும்.”

அம்பலவாணர் திரையை நோக்கினார்.

வெங்காயச் சருகினும் மெல்லிய அச்சவ்வு, ஓரத்தில் எழுந்து, மடிந்து, முழுவதும் உரிந்து வந்தது.

மறுநாள் கட்டு அவிழ்த்தபோது, செவிலியின் மூக்குத்தி மின்னுவதை மாரிக்கண்ணு கண்டுகொண்டார் என்று செய்தி வந்தது. செண்பகவல்லி அறைக்குள் வந்து அதைச் சொன்னார். பிறகு, ஐயாவின் கை நடுங்கிற்றா என்று கேட்டார்.

அம்பலவாணர் எழுந்து நின்றார்.

“கையா? அதை நான் நினைக்கவே இல்லை, டீச்சரம்மா.”