கைக்கிட்டே இருந்த சுத்தியல்

"நான் போடுற ஸ்லீவ் மட்டும் ஏனுங்க பாதியிலயே நின்னுக்குது?" என்று கேட்டார் மாரப்பன்.

தெய்வானை தலையைத் தூக்கவில்லை. "சுத்தியல எங்க வச்சிருக்கீங்க?" என்றார்.

"கைக்கிட்டதானுங்க இருக்குது."

"சரி" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

தன் முன்யோசனையைக் குரு மெச்சிவிட்டதாக மாரப்பன் நினைத்துக்கொண்டார். புகழ்ச்சி என்றால் நமக்கெல்லாம் காது சீக்கிரம் திறந்துகொள்கிறது.

சங்ககிரியில் லாரி இன்ஜின் பழுதுபார்க்கும் பட்டறை அது. மேஸ்திரி தெய்வானைக்கு நாற்பது வயது ஆகவில்லை. சீடர் மாரப்பனுக்கு ஐம்பது தாண்டியிருந்தது. அரிவாளும் கடப்பாரையும் அடித்த கொல்லர். உலையை மகனிடம் விட்டுவிட்டு இன்ஜின் வேலை கற்க வந்தவர். வரும்போது தன் அப்பாவின் சுத்தியலையும் கையோடு கொண்டுவந்தார்.

சிலிண்டரின் உள்சுவர் கெட்டுவிட்டால், அதைக் கடைந்து அகலமாக்கி உள்ளே ஒரு இரும்புக் குழாயை இறக்குவார்கள். அதுதான் ஸ்லீவ். சிலிண்டர்கள் இருக்கும் இரும்பு ப்ளாக்கைச் சூடாக்கினால் துளை விரியும். ஸ்லீவை ஐஸில் வைத்தால் சுருங்கும். அந்த நேரம் பார்த்து விட்டால், அது தானாக இறங்கி அடியில் உட்கார வேண்டும்.

மாரப்பன் விட்டால் உட்காராது. சுத்தியலை எடுப்பார். "அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்" என்பார். உட்கார்ந்துவிடும்.

அப்படி உட்காரவைத்த ஒரு ப்ளாக் விரிசல் விட்டுத் திரும்பி வந்திருந்தது. அவருடைய கேள்விக்குக் காரணம் அதுதான்.

மறுநாள் விடிந்ததும் நாச்சிமுத்து வந்தார். ஒரே லாரி, ஓட்டுநரும் அவர், முதலாளியும் அவர். ஓடும்போது பிஸ்டன் உடைந்து மூன்றாம் சிலிண்டரைக் கிழித்திருந்தது. அந்த மாடல் ப்ளாக் இப்போது எங்கும் கிடைப்பதில்லை. இதுவும் போனால் லாரி காயலான் கடைக்குத்தான்.

தெய்வானை விளக்கடித்துப் பார்த்தார். இரண்டாவது சிலிண்டருக்கும் மூன்றாவதற்கும் நடுவே சுவர் மெலிந்துபோயிருந்தது.

"இது அடி தாங்காது" என்றார். பிறகு திரும்பி, "மாரப்பண்ணா, நீங்க போடுங்க" என்றார்.

நாச்சிமுத்து பதறிவிட்டார். விரிசல் விட்ட கதை அவர் காதுக்கும் போயிருந்தது. மேஸ்திரியம்மாவே போட வேண்டும் என்று கெஞ்சினார். தெய்வானை அவருக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். அவ்வளவுதான் பதில்.

மாரப்பன் கடைந்து முடித்தார். துளையின் அகலத்தை முள்ளால் காட்டும் கேஜை உள்ளே விட்டு அளந்தார். மேலே சரி. நடுவில் சரி. அடியில் முள் கொஞ்சம் முன்னதாகவே நின்றது. துளை அங்கே குறுகல், மயிரிழைதான். பரவாயில்லை என்று கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

ப்ளாக் அடுப்பில் சூடேறியது. ஸ்லீவ் ஐஸ் பெட்டியில் கிடந்தது. சுத்தியல் வழக்கம்போல வலது பக்கத்தில் இருந்தது.

நாச்சிமுத்து ஸ்டூலில் உட்காரவேயில்லை.

மாரப்பன் கையுறை மாட்டி ஸ்லீவை வெளியே எடுத்தார். அதற்கென்றே காத்திருந்த மாதிரி தெய்வானை சுத்தியலை எடுத்து நாச்சிமுத்துவிடம் நீட்டினார்.

"பின்னால கிணறு இருக்குது. இதை அதுல போட்டுட்டு வாங்க."

அந்தச் சுத்தியலைக் கண்டாலே நாச்சிமுத்துவுக்கு ஆகவில்லை. ஏன் என்று கேட்காமல் ஓடினார்.

தண்ணீரில் விழும் சத்தம் கேட்டது.

மாரப்பனுக்கு ஆத்திரம் பொங்கியது. "எங்கப்பன் சுத்தியலுங்க அது."

"ஸ்லீவ் சூடாகுது" என்றார் தெய்வானை.

ஆகிக்கொண்டுதான் இருந்தது. மேலே படிந்த பனி கரைந்து சொட்டத் தொடங்கியது. விடுவதென்றால் இப்போதே விட வேண்டும். துளைக்கு நேரே பிடித்தார். விரலைத் திறந்தால் போதும்.

பாதியில் நின்றுவிட்டால்?

கண் வலது பக்கம் போனது. அங்கே வெறும் பலகை இருந்தது. அதன் அருகே நாச்சிமுத்து மூச்சிரைக்க நின்றார். மாரப்பனுக்குப் பயம் வந்தது. இந்தப் பட்டறைக்கு வந்தபின் அன்றுதான் முதன்முதலாகப் பயந்தார்.

ஸ்லீவை மறுபடி ஐஸுக்குள் வைத்தார். அடுப்பை அணைத்தார்.

"அளக்கணுமுங்க" என்றார்.

நாச்சிமுத்து தலையில் கை வைத்துக்கொண்டார்.

சூட்டில் அளந்தால் அளவு பொய் சொல்லும். ப்ளாக் ஆறும்வரை மூவரும் காத்திருந்தார்கள். சாப்பாட்டு வேளை வந்து போனது. யாரும் சாப்பிடவில்லை.

ஆறியதும் மாரப்பன் கேஜை நேராக அடிக்குத்தான் கொண்டுபோனார். முள் காலையில் நின்ற அதே இடத்தில் நின்றது. அந்த மயிரிழையைத் தேய்த்தார், அளந்தார், திரும்பவும் தேய்த்தார். நாச்சிமுத்து போதுமே என்றபோதும் அளந்துகொண்டிருந்தார். முள் சரியான இடத்துக்கு வந்த பிறகுதான் அடுப்பைப் பற்றவைத்தார்.

இந்த முறை ஸ்லீவை எடுத்தவர் பக்கத்தில் எதையும் தேடவில்லை. நேராகப் பிடித்து விட்டார்.

டொக்கென்று அடியில் போய் உட்கார்ந்தது.

நாச்சிமுத்து அப்போதுதான் ஸ்டூலில் உட்கார்ந்தார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். கிணற்றில் இறங்கிச் சுத்தியலை எடுத்துத் தருகிறேன் என்றும் சொன்னார். மாரப்பன் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

தெய்வானை குனிந்து ஸ்லீவின் விளிம்பைப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"காலையில அளந்தப்ப முள்ளு நின்னது தெரியலீங்களா?"

"தெரிஞ்சுதுங்க."

"அப்புறம்?"

மாரப்பன் கையுறையைக் கழற்றினார்.

"அப்ப சுத்தியல் இருந்துச்சுங்க."