நஷ்டமே இல்லாத கட்டம்

உலகத்தில் எங்கே புயல் அடித்தாலும், எங்கே பூமி குலுங்கினாலும், காப்பீட்டுக் கம்பெனிகளுக்கு எவ்வளவு நஷ்டம் என்று வருஷக் கடைசியில் அட்டவணை போடுவது கோதண்டபாணியின் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் கம்பெனி அவரை விடவில்லை, அவரும் அட்டவணையை விடவில்லை.

அவருடைய குரு அபிராமவல்லி அம்மா அவரைவிட இருபது வயது இளையவர். மயிலாடுதுறைப் பக்கம் ஆசிரமம். ஒருநாள் காலையில் கோதண்டபாணி அம்மா முன்னால் போய் உட்கார்ந்தார்.

"பொண்ணு ஒரு கடற்கரைப் பையனைக் கட்டிக்கிறேங்கிறாம்மா. நாகமுத்துன்னு பேரு, படகு இஞ்சின் ரிப்பேர் பண்றான். நல்ல பையன்தான். ஆனா அந்த ஊரு! ரெண்டு வாரம் முன்னாடிகூடப் புயல். அங்க வீட்டுக்கு எந்தக் கம்பெனியும் காப்பீடு தராது. நான் எப்படிச் சம்மதிப்பேன்?"

"எந்த ஊருன்னா சம்மதிப்பீங்க?"

"ஒண்ணுமே ஆகாத ஊருன்னா."

"உலகமே உங்க கையிலதானே இருக்கு, தேடுங்க. கடல் இருக்கணும், ஜனம் இருக்கணும், இந்த வருஷம் நஷ்டம் ஆகியிருக்கக் கூடாது. அப்படி ஒரு இடத்தைக் கொண்டு வாங்க. நானே ரெண்டு பேர்கிட்டயும் பேசி அங்க குடிவைக்கிறேன்."

கோதண்டபாணி மூன்று நாள் அட்டவணையை விட்டு எழவில்லை. ஒரு பக்கம் சூறாவளி, மறு பக்கம் காட்டுத்தீ, அதற்கடுத்த பக்கம் வெள்ளம். அதில் ஊர்ப்பெயர்கள் கிடையாது. உலகத்தைக் கட்டம் கட்டமாக வெட்டி எண் போட்டிருந்தார்கள்.

நாலாம் நாள் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆசிரமத்துக்குள் ஓடிவந்தார்.

"கிடைச்சிருச்சும்மா! எட்டாயிரத்து முந்நூத்தி அஞ்சாவது கட்டம். கடல் இருக்கு, ஆயிரத்துச் சொச்சம் ஜனம் இருக்கு, நஷ்டம் சுழி!"

"எந்த நாடு?"

"எந்த நாடா இருந்தா என்னம்மா, விசா வாங்கிக்கலாம்."

வரைபடத்தைத் திறந்து எண்ணைத் தட்டினார். முகத்தில் ஈயாடவில்லை. அது நாகமுத்துவின் ஊர்.

அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார். "பஸ்ஸே போகும் போலிருக்கே! சரி, இந்தக் கட்டத்துல எதை எழுதுவீங்க?"

"கம்பெனி குடுத்த பணத்தை." அவர் வரைபடத்தை மூடினார். "அங்க யாருக்குமே காப்பீடு கிடையாதே. அதான் சுழி. சந்தோஷத்துல சேதமே இல்லைன்னு நினைச்சுட்டேன்."

"வாங்க, நேர்லயே பார்த்துட்டு வருவோம்."

ஊரில் பாதி வீடுகளுக்குக் கூரை இல்லை. ஆனால் சத்தமோ கல்யாண வீட்டுச் சத்தம். அன்றுதான் கீற்று லாரி வந்திருந்தது. ஸ்பீக்கரில் பாட்டு, அண்டாவில் டீ, கூரைக்குக் கூரை கேலி. யாரோ ஒருவர் வீட்டு உச்சியில் உட்கார்ந்து நாகமுத்து கீற்று கட்டிக்கொண்டிருந்தான். கீழேயிருந்து எடுத்துக் கொடுத்தது, சென்னைக்குப் போகிறேன் என்று சொல்லிக் கிளம்பிய கோதண்டபாணியின் மகள் மதுரவாணி. அவள் இப்படிச் சிரித்து அவர் பார்த்ததே இல்லை. கோபப்படத்தான் நினைத்தார், முடியவில்லை.

"உன் வீடு எங்கப்பா?" என்று அண்ணாந்து கேட்டார்.

நாகமுத்து கை காட்டினான். நாலு சுவர், வெறும் மூங்கில் சட்டம், மேலே வானம்.

"அதை விட்டுட்டு இங்க என்ன பண்றே?"

"எங்க ஊர்ல சொந்தக் கூரையில ஏறக் கூடாதுங்க மாமா. அடுத்தவங்கதான் வேயணும். எனக்கும் யாராச்சும் வருவாங்க."

அம்மா அதற்குள் அந்த வீட்டில் ஏணியைச் சாத்திவிட்டார். "ஏறுங்க."

"எனக்கு முடிச்சுப் போடக்கூடத் தெரியாதும்மா!"

டீ ஊற்றிக்கொண்டிருந்த பெண் குரல் கொடுத்தாள். "தெரிஞ்சவுங்களை மட்டும் ஏத்துனா இங்க பாதி வீடு மொட்டையாத்தான் நிக்கும். ஏறுங்கய்யா!"

ஏறினார். முதல் கீற்றைத் தலைகீழாக வைத்தார். ஊரே சிரித்தது, அவரும் சிரித்தார். நாலு பேர் கூட ஏறிவந்து சொல்லிக் கொடுத்தார்கள். மத்தியானத்துக்குள் பாதிக் கூரை மூடிவிட்டது. அங்கிருந்து பார்த்தால் கடல் அத்தனை அழகாக இருந்தது.

"மதுரவாணி! தையில முகூர்த்தம் பார்த்துருவோமா?" என்று கத்தினார்.

கீழே குலவை கிளம்பியது. அது அடங்குவதற்குள் பழைய பயம் அவரை மறுபடி பிடித்துக்கொண்டது.

"அம்மா, அடுத்த வருஷமும் புயல் வந்தா?"

ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த அம்மா அண்ணாந்து பார்த்தார்.

"வரும். நீங்களும் வந்துருங்க."