மேயர் அங்கியில் ஒரு மஞ்சள் பொட்டு

பருத்தித்துறையிலிருந்து போய், குளிர்தேசத்துத் துறைமுக நகரமொன்றில் தையல்கடை போட்ட தவராசா, அந்த நகரத்துக்கே மேயராகத் தேர்வானார். தோற்றுப்போன பழைய மேயர் பெர்னார்டுக்கு அது பொறுக்கவில்லை.

பதவியேற்பு நாளில், பரம்பரையாக மேயர்கள் போடும் சிவப்பு அங்கியைப் பெர்னார்டே கொண்டுவந்து தவராசாவுக்குப் போர்த்திவிட்டார். தவராசா குள்ளம். அங்கி தரையைக் கூட்டியது.

"இதைப் போடாமல் சத்தியப்பிரமாணம் கிடையாது. இதில் ஊசி படவும் கூடாது. பட்டால் பதவியே செல்லாது, அதுதான் நகரச் சட்டம். எங்கே, தடுக்கி விழாமல் மேடை ஏறும் பார்க்கலாம், தையல்காரரே!"

சபை சிரித்தது.

"சட்டம் எல்லாருக்கும்தானே ஐயா?"

"எல்லாருக்கும்தான்!"

தவராசா அங்கியைக் கழற்றி உட்புறத்தைத் திருப்பிக் காட்டினார். விலாத் தையலோரம் ஒரு மஞ்சள் பொட்டு.

"எங்கட கடையில தைச்ச எதையும் என்ர மனிசி மஞ்சள் தொட்டு வைச்சுத்தான் வெளியில விடுவா. போனமுறை பதவியேற்க முதல், வயிறு கொள்ளேல்லை எண்டு பின்கதவால இதை அனுப்பினது ஆர் ஐயா? பிரிச்சு அகலமாக்கினது நான்தான். அப்ப உங்கட பதவிக்காலம் முழுக்கச் செல்லாதோ?"

தையலில் தடயமே இல்லை என்று நம்பியிருந்த பெர்னார்ட் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"அது... பழைய சட்டம். இப்போது யார் பார்க்கிறார்கள்!"

"அப்ப ஊசி படலாம்?"

"படட்டும், படட்டும்."

தவராசா தன் சட்டைக் காலரில் நூலோடு குத்தியிருந்த ஊசியை எடுத்து, அங்கேயே உட்கார்ந்து விளிம்பை மடித்துத் தைத்தார். நகரசபைச் செயலாளர் ஓடிப்போய், மிச்சத் துணியை வெட்டக் கத்தரிக்கோல் கொண்டுவந்தார்.

"வேண்டாம் தம்பி, வெட்டேல்லை. அடுத்து வாறவர் நெட்டையா இருந்தா, பிரிச்சு விடலாம்."