நஞ்சின் பெயர் எழுதிய மருதாயி அம்மையார்

செம்பறைக்குறிச்சி என்னும் ஊரில், பருத்திக் காடுகளுக்குத் தண்ணீர் சுமந்து வயிறு வளர்த்தவர் மருதாயி அம்மையார். பூச்சிமருந்து அடிக்கும் ஆண்கள் முதுகில் டேங்கை மாட்டிக்கொண்டு செடிகளுக்குள் போவார்கள். மருந்தில் கலக்கும் தண்ணீரைக் கிணற்றடியிலிருந்து குடம் குடமாகக் கொண்டுவந்து வரப்பில் இறக்குவது அம்மையாரின் வேலை. காலையில் தொடங்கினால் வெயில் சாயும்வரை நடைதான்.

வேலை முடிந்ததும் குளித்துவிட்டு ஊர்க்கோடியில் இருக்கும் நஞ்சுண்டநாதர் கோயிலுக்குப் போவார். முன்மண்டபத்தில் உட்கார்ந்து, நாற்பது பக்க நோட்டு ஒன்றில் ‘சிவாயநம’ என்று நூற்றெட்டு முறை எழுதுவார். மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவர். எழுத்துகள் பெரிது பெரிதாக, வரிக்கோட்டுக்கு மேலும் கீழுமாகக் கிடக்கும். ஊருக்கு வந்த நஞ்சைத் தானே வாங்கிக்கொண்ட சாமி என்று அந்தப் பெருமான்மேல் அவருக்குத் தனிப் பிரியம். ஒரு நாள் எழுதாவிட்டாலும் சோறு இறங்காது.

அவருடைய கணவர் ஆலமுத்து மருந்தடிப்பவர். அந்த ஆண்டு செடி ஆளை மூழ்கடிக்கும் உயரத்துக்கு வளர்ந்துவிட்டது. தலைக்கு மேலே பீச்ச வேண்டியிருந்ததால் அடித்த மருந்தெல்லாம் முகத்திலேயே இறங்கியது. புரட்டாசி மாதம் ஒரு பிற்பகலில், எச்சில் வடிய, கண் மங்கி, கைகால் நடுங்க வீட்டுக்கு வந்தார். மறுநாள் காலையில் உயிர் போயிற்று. காட்டு வேலைக்கு ஆள் சொல்லும் மேஸ்திரி பெரமையன்தான் முதல்நாள் கூடவே வண்டியில் போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தவர். ‘குடித்துவிட்டு வாந்தி எடுத்தார்’ என்று அவர் சொன்னது அப்படியே காகிதத்தில் ஏறியது.

ஆலமுத்து வாழ்நாளில் சாராயத்தைத் தொட்டவரில்லை. இழவுக்கு வந்தவர்கள் தங்களுக்குள் முணுமுணுத்தது அம்மையாரின் காதில் விழுந்தது. அவர் யாரோடும் சண்டைக்குப் போகவில்லை.

பதினாறு கழிந்தபின் கோயிலுக்குப் போய் நோட்டைப் பிரித்தார். திருநாமத்தை எழுதக் கை வரவில்லை. கை வேறொன்றை எழுதியது. ‘ஆலமுத்து. கிழக்குக் காடு. வெள்ளைக் கேன் மருந்து. மதியம் ரெண்டு மணி. கண் தெரியலை, எச்சில், நடுக்கம்.’ சாமி பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இதை எழுதிவிட்டோமே என்று நோட்டை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். கிழிக்க மனம் வரவில்லை. மண்டபத்தில் உட்காரவும் முடியவில்லை. எழுந்து தெருத்தெருவாக நடந்தார்.

அப்படி நடந்தபோதுதான் காலனித் தெருவில் ஒருவர் மூன்று நாளாகக் கண் எரிச்சலோடு படுத்திருப்பது தெரிந்தது. அடுத்த ஊரில் ஒரு பெண்ணுக்கு ஓயாத வாந்தி. யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனவர்களுக்கு ‘வெயில் மயக்கம்’ என்று சீட்டு கிடைத்திருந்தது. அம்மையார் ஒவ்வொருவரிடமும் பெயர், காடு, மருந்து, நேரம், உடம்புக்கு என்ன செய்தது என்று கேட்டு எழுதினார். அன்று தொடங்கிய அலைச்சல் பின் ஓயவேயில்லை. கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போதே யாருக்கோ என்னவோ ஆகியிருக்கும் என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். பாதிக் கஞ்சியோடு எழுந்துவிடுவார்.

ஊர் சிரித்தது. டீக்கடையில் பெரமையன் எல்லோர் முன்னாலும் சொன்னார்: “எமலோகத்துல சித்திரகுப்தனுக்கு ஆளு பத்தலையாம். நம்ம மருதாயிய சேத்துக்கிட்டாங்க.”

அம்மையார் நின்று அவரைப் பார்த்தார். “போன வாரம் ஒங்களுக்கும் கண்ணு எரிஞ்சுதுன்னாங்களே மேஸ்திரி. எந்தக் காட்டுல?”

பெரமையன் டீ கிளாஸை வைத்துவிட்டு எழுந்து போனார். மறுநாளிலிருந்து அம்மையாருக்கு வேலை சொல்வதை நிறுத்திவிட்டார். அம்மையார் சுள்ளி பொறுக்கி விற்றும், கீரை பறித்து விற்றும் நாளைத் தள்ளினார்.

எழுதியதைக் கேட்க மனிதர் இல்லாததால், மாலைதோறும் சந்நிதியில் நின்று பெருமானுக்கே படித்துக்காட்டினார். கோயில் குருக்கள் நல்லவர்தான். இருந்தாலும் வாந்தி, எச்சில் என்று கேட்டதும் அவருக்கு முகம் சுருங்கியது.

“ஏம்மா, சந்நிதியில இதெல்லாம் படிக்கலாமா? நாமம் எழுதிண்டு வாங்கோ, சுவாமி பாதத்துல வைக்கறேன்.”

“சாமிகிட்ட சொல்லாம யாருகிட்ட சொல்றது சாமி? வேற யாரும் கேக்க மாட்றாங்க.”

குருக்கள் வாசல் பக்கம் கையைக் காட்டினார். அம்மையார் வெளியே போய், நந்திக்குப் பின்னால் நின்று படித்தார். அதன்பின் அதுவே வழக்கமாயிற்று.

ஐப்பசியில் ஒருநாள் உச்சிவேளை. கிழக்குக் காட்டு வரப்பில் உடைமர நிழலில் ஒரு பெரியவர் சுருண்டு கிடந்தார். மெலிந்த உடம்பு, சடை விழுந்த தலை, கழுத்தைச் சுற்றி ஒரு துண்டு. அம்மையார் ஓடிப்போய் அவரைத் தூக்கி உட்கார வைத்தார்.

“ஐயா, மருந்தடிச்சீங்களா? எந்தக் காட்டுல?”

“எல்லாக் காட்டுலயுந்தான் ஆத்தா.”

“ஒடம்புக்கு என்னா பண்ணுது?”

“தொண்டையில நிக்கிது. உள்ளயும் போவல, வெளியவும் வரல.”

“என்னா மருந்துன்னு தெரியுமா?”

பெரியவர் மடியிலிருந்து கசங்கிய தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். “வெள்ளைக் கேன்ல ஒட்டியிருந்தது. கிழிச்சுட்டுத்தான் விக்கிறானுவ. ஒன்னு மட்டும் தப்புச்சுது. நோட்டுக்குள்ள வச்சுக்க.”

“ஒங்க பேரு?”

“நஞ்சுண்டான்னு எழுதிக்க.”

எழுதி முடித்து, தண்ணீர் கொண்டுவரக் கிணற்றடிக்கு ஓடினார் அம்மையார். திரும்பி வந்தபோது நிழல் மட்டும் இருந்தது. அக்கம்பக்கத்தில் கேட்டால், அப்படி ஒரு ஆளையே பார்க்கவில்லை என்றார்கள். எங்கே போய் விழுந்தாரோ, உயிரோடு இருக்கிறாரோ என்று அம்மையாருக்கு நிலைகொள்ளவில்லை. மூன்று நாள் ஊர் ஊராகத் தேடினார்.

நான்காம் நாள் கிழக்குக் காட்டில் களையெடுக்க ஒன்பது பெண்கள் இறங்கினார்கள். காலையில்தான் மருந்து அடித்திருந்தார்கள் என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. மதியத்துக்குள் ஒருவர்பின் ஒருவராகச் சரிந்தார்கள். டிராக்டரில் அள்ளிப்போட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். அம்மையார் மூன்று மைல் ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தார்.

அங்கே பெரமையன் டாக்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: “பழைய சோறும்மா. கெட்டுப்போச்சு போல. எல்லாம் ஒன்னா ஒக்காந்து தின்னாங்க.”

டாக்டர் வெண்ணிலா பணிக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. சாப்பாட்டு விஷம் என்றே குளுக்கோஸ் ஏற்றச் சொல்லியிருந்தார். அம்மையார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் நோட்டை அவர்முன் பிரித்து வைத்தார்.

“சோறு இல்லீங்க டாக்டரம்மா. இதப் பாருங்க. இதே காடு, இதே வெள்ளைக் கேன். இதுக்கு முன்னாடி அஞ்சு பேரு. ஒருத்தர் சோத்த ஒருத்தர் தின்னதில்ல. எல்லாருக்கும் எச்சிதான், கண்ணு மங்கல்தான். மொத ஆளு எம் புருசன்.”

டாக்டர் பக்கங்களைப் புரட்டினார். இடையில் இருந்த கேன் தாளைப் பிரித்து மருந்தின் பெயரைப் படித்தார். டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடி ஒரு பெண்ணின் கண்ணைத் திறந்து பார்த்தார். பூச்சிமருந்து நஞ்சின் அடையாளமாகக் கருமணி ஊசிமுனையளவுக்குச் சுருங்கியிருந்தது.

“துணியெல்லாம் கழட்டிட்டு சோப்பு போட்டு உடம்பக் கழுவுங்க. அட்ரோபின் ஊசி எடுங்க, சீக்கிரம். இருக்கிறது பத்தாது, தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணுங்க.”

அம்மையார் அந்தப் பெண்களைத் தாமே கழுவிவிட்டார். சாயங்காலத்துக்குள் ஒன்பது பேருக்கும் மூச்சு சீரானது.

மூன்றாம் நாள் டாக்டர் அம்மையாரை அழைத்து, புதிதாகக் கட்டிய கெட்டி அட்டைப் பதிவேட்டைக் காட்டினார். எந்தக் காடு, என்ன மருந்து, எத்தனை மணி, உடம்பில் என்ன மாற்றம் என்று அதில் கட்டங்கள் இருந்தன.

“எங்க புத்தகத்துல இதுக்கு இடமே இல்லம்மா. உங்க நோட்டப் பாத்துதான் போட்டேன். இந்தத் தாள வச்சு கலெக்டர் ஆபீசுக்கு எழுதியிருக்கேன். வேளாண் அதிகாரி வந்து, தாளக் கிழிச்சு வித்த மருந்துக் கடைய மூடிட்டார், கேனெல்லாம் எடுத்துட்டுப் போயாச்சு.” கொஞ்சம் தயங்கினார். “உங்க வீட்டுக்காரர் குடிச்சார்னு போட்ட சீட்ட மட்டும் என்னால மாத்த முடியல.”

“அது கெடக்கட்டும்மா” என்றார் அம்மையார். ஆனாலும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“இதுல ஒருத்தர் மட்டும் வந்து காட்டல. நஞ்சுண்டான்னு போட்டிருக்கு.”

“அவரத்தான் இன்னும் தேடிக்கிட்டிருக்கேன் டாக்டரம்மா.”

அன்று மாலை குருக்களிடமும் அதையே விசாரித்தார். சடைமுடி, கழுத்தில் துண்டு, எல்லாக் காட்டிலும் மருந்தடித்தேன் என்றது, தொண்டையில் நிற்கிறது என்று சொன்னது, பெயர் என ஒவ்வொன்றாக அடையாளம் சொல்லிக்கொண்டு வந்தார். குருக்களின் கையிலிருந்த மணி தாழ்ந்தது.

“எல்லாக் காட்டுலயும் அடிச்சேன்னா சொன்னார்?”

“ஆமா சாமி.”

“அம்மா, நீங்க தேட வேண்டாம். உள்ள வாங்கோ.” அவர் ஒதுங்கி நின்று வழிவிட்டார். “இத்தனை வருஷமா நான் பூஜை பண்றேன். எனக்கு ஒரு வார்த்தை சொன்னதில்லை.”

அம்மையாருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. விளங்கியதும் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். குருக்கள் நோட்டை வாங்கி, சந்நிதியில் நின்று ஒவ்வொரு பெயராகப் படித்து அர்ச்சனை செய்தார். வாந்தி, எச்சில், நடுக்கம் என்று எழுதியிருந்ததையும் விடாமல் படித்தார்.

பாதியில், வாசலில் ஒரு பெண் மூச்சிரைக்க வந்து நின்றாள். “மருதாயக்கா, மேலக்காட்டுல ஒருத்தருக்குக் கண்ணு தெரியலையாம்.”

தீபாராதனைக்கு இன்னும் நேரம் இருந்தது. அம்மையார் பெருமானைப் பார்த்து ஒருமுறை கைகூப்பினார். குருக்களிடமிருந்து நோட்டை வாங்கிக்கொண்டு வெளியேறினார்.

சாமி வந்து பேசிய பின்னும் சாமி முன்னால் நிற்க நேரமில்லாமல், துன்பப்பட்டவரை நோக்கி விரைந்த அந்த அம்மையாரின் வெடித்த பாதங்களை நாமும் வணங்குவோம்.