சேகண்டி ஓசையைப் பிடித்த கதை

முன்னொரு காலத்தில், எதைப் பார்த்தாலும் "அது ஏன்? இது எப்படி?" என்று கேட்காமல் விடாத ராஜா ஒருவர் இருந்தார். ஒருநாள் அவர் சபையில் கூத்துக் குழு ஒன்று ஆடியது. சலங்கைகள் குலுங்கின, ஜால்ரா கலகலத்தது. முடிவில் ஒருவன், கயிற்றில் தொங்கிய வெண்கலச் சேகண்டியைக் கோலால் ஓங்கித் தட்டினான். 'டங்ங்ங்' என்று எழுந்த ஓசை வெகுநேரம் ரீங்கரித்து, தேய்ந்து தேய்ந்து மறைந்தது.

"அட, அது எங்கே போயிற்று?" என்றார் ராஜா.

விகடகவி விடங்கன்மேல் நெடுநாளாகப் பொறாமையில் வெந்துகொண்டிருந்தவர் மந்திரி பிரமராயர். இதுதான் சமயம் என்று எழுந்தார். "மகாராஜா, விடங்கனாரால் ஆகாதது உண்டா? ஓடிப்போகும் ஓசையைப் பிடித்துத் தரச் சொல்லுங்கள். முடியாவிட்டால் நாட்டை விட்டே போகட்டும்."

ராஜாவுக்கு ஆவல் தாங்கவில்லை. "அப்படியே ஆகட்டும். பிடி, விடங்கா!"

ஓசையை எந்த வலை போட்டுப் பிடிப்பது? விடங்கன் சேகண்டியிடம் போய்த் தட்டிப் பார்த்தான். ஆடிய சேகண்டியை நிறுத்த விளிம்பைத் தொட்டான். விரலடியில் அது நடுங்கியது. ஓசை சட்டென்று நின்றது. விடங்கன் விரலையும் சேகண்டியையும் மாறி மாறிப் பார்த்தான். முகம் மலர்ந்தது.

"அரசே, தங்கள் சபையில் பிறந்த ஓசையைப் பிடிக்க எனக்கு ஏது உரிமை? தாங்களே வாருங்கள். வலக்கையால் தட்டி, இடக்கையால் விளிம்பைப் பற்றுங்கள்."

ராஜா தட்டினார், உடனே பற்றினார். ஓசை அடங்கியது.

"கையை மூடுங்கள், அரசே! உள்ளங்கையில் குறுகுறுத்ததா?"

"ஆமாமடா! ஏதோ ஊர்ந்தது!" ராஜா குழந்தைபோல் முஷ்டியை இறுக்கிக்கொண்டார்.

"அதுதான். அகப்பட்டுவிட்டது."

பிரமராயர் துள்ளி எழுந்தார். "ஏமாற்று வேலை! அந்தக் கையில் ஒன்றுமே இல்லை!"

விடங்கன் காதைப் பொத்திக்கொண்டான். "சிவசிவா! நம் மகாராஜாவின் கை வெறுங்கை என்றா சொல்கிறீர்?"

ராஜாவின் புருவம் உயர்ந்தது. பிரமராயருக்கு வியர்த்துக் கொட்டியது. "இல்லை, இல்லை... இருக்கிறது, மகாராஜா. இங்கிருந்தே நன்றாகத் தெரிகிறது!"

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். கோலைக் கீழே வைத்துவிட்டு, தம் முத்துமாலையைக் கழற்றி விடங்கன் கழுத்தில் போட்டார். அதையும் வலக்கையாலேயேதான் செய்தார். இடக்கையைத் தூங்கப் போகும்வரை அவர் திறக்கவே இல்லையாம்.